பாட்டு பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்?

வெகுஜன இசையின் நாட்காட்டியில் ஆகஸ்ட் 16 என்ற கட்டத்தில் மூன்று பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1938இல் அந்தத் தேதியில் புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் மிஸிஸிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் அருகே இறந்தார், வயது 27. 1977இல் எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் தம் வீட்டில் இறந்தார், வயது 42. 2018இல் அரீதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் இறந்தார், வயது 76. புளூஸ், ராக் அண்ட் ரோல், சோல் என்ற மூன்று மரபுகளின் தலைகள் ஒரே தேதியில் சாய்ந்ததை விதி என்று சொல்லிச் சிலிர்ப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 365 நாள். பேர்பெற்ற இசைக்கலைஞர்களோ ஆயிரக்கணக்கில். எந்தத் தேதியைத் திறந்தாலும் இப்படி ஏதாவது அகப்படத்தான் செய்யும்.

அந்த மூவருக்கும் வேறு மூன்று தேதிகள் இருக்கின்றன: 1936 நவம்பர் 23, 1954 ஜூலை 5, 1967 ஜனவரி 24. இவற்றை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் மிகக் குறைவு. முதல் தேதியில், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் கன்டர் ஹோட்டலின் அறை ஒன்றில் ஜான்சன் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். இரண்டாவது தேதியில், மெம்ஃபிஸின் சன் ஒலிப்பதிவுக்கூடத்தில் எதுவும் சரியாக அமையாமல் எல்லோரும் சோர்ந்திருந்த ஓர் இடைவேளையில், 19 வயது எல்விஸ் கிதாரை எடுத்து ஆர்தர் குருடப்பின் பழைய புளூஸ் பாட்டொன்றைக் குதித்துக்கொண்டே பாட ஆரம்பித்தார். உடன் வாசிக்க வந்திருந்த ஸ்காட்டி மூரும் பில் பிளாக்கும் சேர்ந்துகொள்ள, கூடத்தின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் அதையே முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி இயந்திரத்தை ஓடவிட்டார். மூன்றாவது தேதியில், கொலம்பியா நிறுவனத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளைப் பெரிய வெற்றியில்லாமல் கழித்துவிட்டு வந்திருந்த அரீதா, அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பியானோ முன் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டை முடித்தார். அன்றிரவே குடியும் கைகலப்புமாகக் கூட்டம் கலைந்தது. மிச்ச வேலை நியூயார்க்குக்குப் போனது. அவர் யார் என்று உலகத்துக்குக் காட்ட அந்த ஒரு பாட்டே போதுமானதாக இருந்தது.

பிறப்பு, இறப்பு, ஒலிப்பதிவு மூன்றையும் 'இதே நாளில்' என்ற ஒரே பட்டியலில் ஒரே எழுத்தளவில் அச்சிட்டுவிடுகிறோம். மூன்றும் ஒரே இனம் அல்ல. பிறந்த நாள் பின்னாளில் திரும்பிப் பார்த்துக் கொண்டாடப்படுவது. இறந்த நாள் அன்றைக்கே செய்தி. ஒலிப்பதிவு நாளின் எடை அந்த அறையில் இருந்தவர்களுக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஆனால் வெகுஜன இசையில் வேலை நடந்தது அன்றுதான். ஒரு குறிப்பிட்ட தொண்டை, குறிப்பிட்ட அறை, குறிப்பிட்ட மாலை ஆகியவை சேர்ந்துதான் நாம் கேட்கும் பாட்டு ஆகிறது. அதே பாட்டை மறுநாள் பாடியிருந்தால் அது வேறொன்று. அதனால் மூன்றில் முதல் மரியாதை ஒலிப்பதிவுத் தேதிக்கே என்பது என் கட்சி.

பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். மூன்றில் நம்பகம் குறைந்தது அதுதான். லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4இல் பிறந்ததாகவே சொல்லிவந்தார். முதல் உலகப் போர்க்காலத்து ராணுவப் பதிவுப் படிவத்திலும் அந்தத் தேதியே இருக்கிறது. அமெரிக்காவின் சுதந்திர நாள். ஆண்டோ இரண்டு சுழிகளோடு கச்சிதமாக முடிவது. ஜாஸின் தலைமகனுக்கு இதைவிடப் பொருத்தமான பிறந்தநாளை யாரும் புனைந்திருக்க முடியாது. புனைவுதான் என்று 1980களில் தெரியவந்தது. ஆய்வாளர் டாட் ஜோன்ஸ், நியூ ஆர்லியன்ஸின் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்ற தேதியைக் கண்டெடுத்தார். 1971 ஜூலை 6இல் ஆம்ஸ்ட்ராங் இறந்தபோது, அவர் கணக்குப்படி 71 முடிந்து இரண்டு நாள். பதிவேட்டின்படி 70 நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் பிறப்பைப் பதிவுசெய்ய யாரும் அக்கறைப்படவில்லை; பின்னாளில் ஒரு படிவத்தில் தேதி கேட்டால் தோதான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. ராபர்ட் ஜான்சனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1911 மே 8 என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட தேதி, அவ்வளவுதான். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் சுயசரிதை அவர் பால்டிமோரில் பிறந்ததாகச் சொல்கிறது, பிறந்தது பிலடெல்ஃபியாவில்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பிறந்த ஆண்டே குழம்பிக் கிடக்கும் ஆம்ஸ்ட்ராங், 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' பாட்டின் தொடக்கத்தில் துணை எதுவுமில்லாமல் ட்ரம்பெட்டைத் தனியே முழக்கினாரே, ஜாஸின் போக்கையே மாற்றியதாகச் சொல்லப்படும் அந்தச் சில நொடிகள், அது நடந்தது 1928 ஜூன் 28, சிகாகோவில். இதில் தகராறே இல்லை. மனிதனின் பிறப்பைக் குறிக்காத சமூகம் இசைத்தட்டின் பிறப்பை எப்படி இவ்வளவு துல்லியமாகக் குறித்தது?

காரணம் பணம். அன்றைய ஒலிப்பதிவு மெழுகுத் தட்டில் நடந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மாட்ரிக்ஸ் எண், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு டேக் எண். அந்த எண்ணைத் தட்டின் நடுவில், வரிப்பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் இருக்கும் வெற்று வளையத்தில் பொறிப்பார்கள். அச்சாகி வந்த பழைய இசைத்தட்டைக் கையில் எடுத்து விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பிடித்தால் இன்றும் அது கண்ணுக்குத் தெரியும். எந்தத் தட்டு தொழிற்சாலைக்குப் போனது, எது உடைந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் வைத்த கணக்கு அது. வரலாறு எழுதும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அந்தக் கணக்குப் புத்தகங்களையும் எண்களையும் திரட்டி ஜாஸ் இசைத்தட்டுகளின் அட்டவணை ஒன்றை 1936இலேயே பாரிஸில் வெளியிட்டவர் சார்ல் தெலோனே. அவருக்குப் பின் வந்தவர்கள் அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார்கள். இன்று நாம் 'இதே நாளில்' என்று போடும் ஒலிப்பதிவுத் தேதிகளில் பெரும்பகுதி இந்தக் குமாஸ்தாக்களின் பேனாவிலிருந்து வந்தவை.

குமாஸ்தாவின் பேனா எட்டாத இடத்தில் தட்டே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பதிவுசெய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்த கையோடு தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாக வேண்டும். அங்கே லேபிள் ஒட்டுபவருக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டாமா?

கேட்கக் கருவியே இல்லாத காலத்தில் தேதி போட்டு வைத்தவரும் உண்டு. பாரிஸில் எதுவார்-லியோன் ஸ்காட் என்பவர் ஒலியலைகளைப் புகைக்கரி பூசிய காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்றை உருவாக்கினார். திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒலியைக் கண்ணால் படிப்பதுதான் நோக்கம். 1860 ஏப்ரல் 9இல் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகளை வரைந்து, தேதியையும் எழுதி வைத்தார். எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். ஸ்காட் 1879இல் இறந்தார். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளைக் கணினியால் ஒலியாக்கியபோது முதலில் கேட்டது ஒரு பெண் அல்லது சிறுமியின் குரல். பிறகுதான் வேகத்தை இருமடங்காகக் கணக்கிட்டுவிட்டது தெரிந்தது. சரிசெய்தபோது மெதுவாகப் பாடும் ஆண் குரல் வந்தது. பெரும்பாலும் ஸ்காட்டின் சொந்தக் குரலாகவே இருக்க வேண்டும். பாடிய நாளுக்கும் கேட்ட நாளுக்கும் இடையே 148 ஆண்டுகள்.

ஒலிப்பதிவுத் தேதியைத் தெரிந்துகொண்டு கேட்பதில் ஒரு லாபம் உண்டு: பாட்டின் மேல் படிந்திருக்கும் புராணம் கொஞ்சம் உதிரும். பிங் கிராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பனியும் குளிரும் நிரம்பிய பாட்டு. அது பதிவானது 1942 மே 29, லாஸ் ஏஞ்சலிஸ் வெயிலில். எடுத்துக்கொண்ட நேரம் 18 நிமிடம். விற்ற விற்பனையில், தட்டு அச்சடிக்கும் மூல அச்சே தேய்ந்துபோயிற்று. 1947 மார்ச்சில் அதே இசைக்குழுவையும் அதே பாடகர் குழுவையும் திரட்டி முன்பு பாடியது போலவே மறுபடி பாட வைத்தார்கள். இன்று பெரும்பாலும் ஒலிப்பது அந்த இரண்டாவது பதிவு. 1942இல் போர்முனையில் இருந்த சிப்பாய்களை உருக வைத்ததாகச் சொல்லப்படும் பதிவு வேறு, நாம் கேட்பது வேறு.

இன்னொரு நாள்: 1963 பிப்ரவரி 11. பீட்டில்ஸ் நால்வரும் காலை பத்து மணிக்கு லண்டனில் இஎம்ஐயின் ஏபி ரோடு கூடத்துக்குள் நுழைந்தார்கள். இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் வெளியே வந்தபோது முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாட்டுகள் முடிந்திருந்தன. ஜான் லெனனுக்குச் சளி. தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பாட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தார்கள். அதை முதலிலேயே பாடியிருந்தால் மற்றதற்குக் குரல் இருந்திருக்காது. முதல் டேக்கே ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவது முயற்சிக்குத் தொண்டையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் குரலின் கரகரப்பை ராக் பாணி என்று பின்னாளில் எத்தனையோ பாடகர்கள் வருந்திக் கற்றுக்கொண்டார்கள். அது ஒரு நீண்ட பிப்ரவரி நாளின் களைப்பு.

1965 ஜூன் 16, நியூயார்க்கில் கொலம்பியாவின் கூடம். பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டோடு இரண்டாவது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் டாம் வில்சன் வேடிக்கை பார்க்க அழைத்திருந்த 21 வயது அல் கூப்பருக்குக் கிதார் வாசிக்கும் ஆசை இருந்தது. அங்கே வந்திருந்த கிதார் கலைஞர் மைக் புளூம்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்டதும் அந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டார். ஆர்கன் வாசித்தவர் பியானோவுக்கு மாறியபோது, காலியான ஆர்கன் இருக்கையில் கூப்பர் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அந்த வாத்தியத்தில் பழக்கம் போதாது. மற்றவர்கள் எந்தச் சுரக்கட்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) போகிறார்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு ஒரு கணம் பிந்தியே விரலை வைத்தார். பதிவைத் திரும்பக் கேட்டபோது ஆர்கன் ஒலியைக் கூட்டச் சொன்னவர் டிலன். அன்றைய நான்காவது டேக்தான் உலகம் கேட்ட பாட்டு. ஆனால் அறையில் இருந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பதினொரு முறை முயன்றார்கள். மகத்தானது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று தெரியாமலே அவர்கள் உழைத்துக்கொண்டிருந்த அந்த மீதிப் பகலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

தேதியே இல்லாத இசையும் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், இசைத்தட்டுகளுக்கு வாசிப்பதை நிறுத்தியது. வானொலியும் ஜூக்பாக்ஸும் தட்டை ஓடவிட்டே காலம் தள்ளினால் நேரில் வாசிப்பவனுக்கு எங்கே வேலை என்பது சங்கத்தின் கேள்வி. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பங்கு கேட்டார்கள். டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது; விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தன. பாடகர்கள் சங்கத்தில் இல்லாததால் ஃபிராங்க் சினாட்ரா 1943இல் இசைக்குழுவே இல்லாமல், பின்னணிக் குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். இழப்பு வேறிடத்தில் நடந்தது. அதே ஆண்டில் ஜாஸ் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக இருந்தார்கள். பீபாப் என்ற புதிய ஜாஸ் அவர்கள் கைகளில் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடையாது. பார்க்கர் தம் பெயரில் முதன்முதலாகப் பதிவுசெய்தது 1945 நவம்பர் 26இல். அதனால் பீபாப் திடீரென்று முழு வளர்ச்சியோடு குதித்ததுபோலத் தோன்றுகிறது. அது தவழ்ந்த காலத்துக்குக் காது சாட்சி இல்லை.

இனி இறந்த தேதி. ராபர்ட் ஜான்சனின் இறப்பு அன்றைக்குச் செய்தியாகவில்லை. 1938 டிசம்பர் 23இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடத்தவிருந்த பெரிய கச்சேரிக்குத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைத் தேடினார். நான்கு மாதம் முன்பே இறந்துவிட்டார் என்ற தகவல் அப்போதுதான் வந்தது. மேடையில் ஜான்சன் உட்கார வேண்டிய நேரத்தில் அவருடைய இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார் ஹாமண்ட். அவர் மறைவைப் பதிவுசெய்த சான்றிதழ் 1968இல்தான் ஆய்வாளர் ஒருவரின் கைக்குக் கிடைத்தது.

1959 பிப்ரவரி 3 அதிகாலையில் அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே சிறுவிமானம் விழுந்து பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் என்ற ஜே.பி. ரிச்சர்ட்சன் மூவரும் இறந்தார்கள்; வயது முறையே 22, 17, 28. கடுங்குளிரில் சுற்றுப்பயண பஸ்ஸின் வெப்பக் கருவி பழுதாகி, டிரம்ஸ் கலைஞரின் பாதங்கள் உறைபனியால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனதால்தான் ஹாலி விமானம் பேசினார். அந்த நாளுக்கு 'இசை இறந்த நாள்' என்ற பெயர் 1959இல் இல்லை. 1971இல் டான் மெக்லீன் எழுதிய பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த ஒரு பாட்டு ஒரு தேதிக்கு நாமகரணம் செய்திருக்கிறது.

இறந்த தேதியைச் சுற்றிக் கதை முளைப்பது இப்படித்தான். புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937 செப்டம்பர் 26இல் மிஸிஸிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்துக்குப் பின் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் இறந்தார் என்று பரவிய செய்தி இன்றும் ஓயவில்லை. அவர் கொண்டுபோகப்பட்டது கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கே. நிறவெறியின் கொடுமைக்கு எடுத்துக்காட்டுகள் ஏராளமாக இருக்க, நடக்காததைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நடந்தது இது: அவருடைய கல்லறையில் 33 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லை. 1970 ஆகஸ்டில் கல் நாட்டப்பட்டபோது அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 4இல், அவரும் போய்விட்டார்.

ஜாப்ளினுக்கு அப்போது வயது 27. கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்தது அதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே வயதில். 1969இல் பிரையன் ஜோன்ஸ், 1971இல் ஜிம் மாரிசன், 1994இல் கர்ட் கோபேன், 2011இல் ஏமி வைன்ஹவுஸ் என்று சேர்த்து '27 சங்கம்' ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011இல் வந்த ஆய்வு ஒன்று, 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் 1,046 இசைக்கலைஞர்களைக் கணக்கெடுத்தது. 27இல் எந்த உச்சமும் இல்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த இந்தக் கலைஞர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது. பயப்பட வேண்டியது இரண்டாவது எண்ணைக் கண்டு. அதற்கு மர்மக் கவர்ச்சி இல்லாததால் சுவரொட்டியில் ஏறுவதில்லை.

இறந்த தேதிகூட எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. லெனன் நியூயார்க்கில் சுடப்பட்டது 1980 டிசம்பர் 8, இரவு பதினொரு மணிக்குச் சற்று முன். அவர் பிறந்த லிவர்பூலில் அப்போது டிசம்பர் 9, விடியற்காலை.

ஒலிப்பதிவும் இறப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடங்கள்தான் இந்த நாட்காட்டியில் மனத்தை அழுத்துபவை. கன்ட்ரி இசையின் முன்னோடி ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927 ஆகஸ்டில் டென்னஸி எல்லையோர ஊரான பிரிஸ்டலில் தயாரிப்பாளர் ரால்ஃப் பியரிடம் முதன்முதலாகப் பாடிப் பதிவுசெய்தார். அதற்கு முன்பே அவருக்குக் காசநோய். 1933 மே மாதம் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பாட வந்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லை. கூடத்திலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தார்கள். ஒரு பாட்டை முடிப்பார், படுப்பார், எழுந்து அடுத்ததைப் பாடுவார். மே 24இல் கடைசிப் பாட்டு, மே 26இல் ஹோட்டல் அறையில் மரணம், வயது 35. குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் கட்டிலில் இருந்தது.

சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் 1967 நவம்பர் இறுதியில் மெம்ஃபிஸில் தொடங்கிய பாட்டை டிசம்பர் முதல் வாரத்தில் மெருகேற்றிவிட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பினார். டிசம்பர் 10இல் விஸ்கான்சினின் ஏரி ஒன்றில் விமானம் விழுந்தது. அவருக்கு 26 வயது. உடன் எழுதிய ஸ்டீவ் கிராப்பர், துக்கத்தின் நடுவே கடலலையும் கடற்பறவைகளின் ஒலியும் சேர்த்துக் கலவையை முடித்தார். கடைசியில் சீழ்க்கை அடித்தபடி பாட்டு மறையும். 1968இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, இறந்தவர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. இரண்டாமவர் ஜாப்ளின். அவருடைய கடைசி ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இசைக்குழு முழுதும் வாசித்து முடித்துவிட்டது. குரல் சேர்ப்பதுதான் பாக்கி. ஆல்பம் 1971 ஜனவரியில் வந்தபோது அந்தப் பாட்டில் யாரையும் பாட வைக்கவில்லை. குரல் இல்லாமலே வெளியிட்டார்கள்.

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் விஷயத்தில் வரிசை தலைகீழ். கடைசி ஆல்பம் 2016 ஜனவரி 8இல், அவருடைய 69ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை கேட்டவர்களுக்கு அது ஜாஸ் வாசிப்பவர்களோடு செய்த புதிரான சோதனை. ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்தார். திங்கட்கிழமை கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வரியும் விடைபெறுதல். இரண்டு நாளில் பதிவில் ஒரு சுரமும் மாறவில்லை.

இந்தத் தேதிகளுக்குச் சட்டத்திலும் வேலை உண்டு. பாட்டை எழுதியவரின் பதிப்புரிமை பல நாடுகளில் அவர் இறந்த ஆண்டிலிருந்து கணக்கிடப்படுகிறது; ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள். பாடிப் பதிந்த ஒலிக்கு வேறு கணக்கு: அது பதிவான, வெளியான ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டத்தின்படி, 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1இல் பொதுச்சொத்தாயின. 1920 ஆகஸ்ட் 10இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்', கறுப்பினப் பாடகி ஒருவர் புளூஸ் பாடிப் பதிந்த முதல் தட்டு, அப்படித்தான் விடுபட்டது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காலம் 2013இல் 50இலிருந்து 70 ஆண்டாக நீண்டது. ஆனால் பதிவாகி 50 ஆண்டுக்குள் வெளியிடாத ஒலிக்கு அந்த நீட்டிப்பு இல்லை. உடனே நிறுவனங்கள் நாட்காட்டியைப் புரட்டின. 2012 இறுதியில் டிலனின் 1962ஆம் ஆண்டு வெளிவராத பதிவுகள் ஐரோப்பாவில் சுமார் நூறு பிரதிகள் மட்டும் விற்பனைக்கு வந்தன. 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகள் 59, ஆரவாரமின்றி இணையக் கடையில் வந்து நின்றன. ரசிகர்களுக்காக என்று சொன்னாலும் டிசம்பர் 31 என்ற கெடுவே காரணம்.

மெழுகுத் தட்டின் காலத்தில் 'பதிவான நாள்' என்றால் ஒரே நாள். டேப்பும் பல தடங்களும் வந்த பிறகு அது உருகத் தொடங்கியது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கான வேலை 1966 நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல் வரை நீண்டது. அதன் இறுதிப் பாட்டின் கடைசி இடிமுழக்கச் சுரக்கட்டு மட்டும் தனியே பிப்ரவரி 22இல் பதிவானது. வெளியான நாளைப் பற்றியே இரண்டு பேச்சு: ஜூன் 1 என்று கொண்டாடுகிறோம், பிரிட்டன் கடைகளில் மே 26லேயே கிடைத்தது.

இந்த உருகலின் எல்லை பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டு. 1970களின் பிற்பகுதியில் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து கேசட்டில் பாடி வைத்தது. 1995இல் மற்ற மூவரும் அதை எடுத்து வேலை தொடங்கிக் கைவிட்டார்கள். கேசட்டில் பியானோ ஒலி குரலை மூடியிருந்தது. ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த கிதார் மட்டும் தங்கியது. அவர் 2001 நவம்பர் 29இல் இறந்தார். 2022இல் கணினி நுட்பத்தால் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் தம் பகுதிகளைச் சேர்த்தார்கள். 2023 நவம்பர் 2இல் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அட்டவணை தயாரிப்பவர்கள் 'பதிவான தேதி' என்ற கட்டத்தில் இதற்கு மூன்று காலங்களை எழுத வேண்டியிருக்கிறது. வாசித்த நால்வரில் இருவர் பாட்டு வெளிவந்தபோது உயிரோடு இல்லை.